உழைக்காதவனா தோற்றான்?

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இளைஞர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. என் தங்கை பேரன் பி.காம். முடித்துவிட்டு, ஏதாவது தொழில் தொடங்கவேண்டும் என்று அலைந்துகொண்டிருக்கிறான். "தாத்தா, நீங்களும் வாங்க, ரொம்ப நல்லா பேசுவாராம்" என்று ஸ்கூட்டரில் ஏற்றி அழைத்துப் போனான். பேச்சாளர் வெளியூர்க்காரர். கணீரென்ற குரல். ஒன்றரை மணி நேரம் யாரும் எழுந்து போகவில்லை.

முடிக்கும்போது ஒரு வாக்கியம் சொன்னார். "ஜெயிச்சவன் உழைச்சவன். தோத்தவன் உழைக்காதவன். நடுவுல வேற காரணமே கிடையாது!"

மண்டபமே கை தட்டியது. பழக்க தோஷத்தில் நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது பேரன் கேட்டான், "எப்படி தாத்தா?" என்று. "குரல் நல்லாயிருக்கு" என்றேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 72 வயது. 1979-இல் வங்கி வேலையில் சேர்ந்து 2014-இல் ஓய்வு பெற்றேன். 35 வருஷத்தில் பெரும்பகுதி காவிரிப் பாசனப் பகுதியிலேயே, தஞ்சை, திருவாரூர், நாகை என்று ஓடிவிட்டது. எத்தனையோ பேருக்குக் கடன் கொடுத்தேன். எத்தனையோ பேரிடம் வசூலுக்கும் போனேன். மளிகை, உரம், மாவு மில், பட்டறை, பாத்திரக்கடை, கோழிப்பண்ணை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. உழைக்காமல் ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இதில் பேச்சாளருக்கும் எனக்கும் சண்டையில்லை. ஆனால் தோற்றவர்களில் பெரும்பாலோர் உழைக்காதவர்கள் என்று சொன்னால் அது பொய். டெல்டாவில் வந்து அதைச் சொன்னால் வெறும் பொய் மட்டுமில்லை, அவதூறு.

முதலில் நம் வயலைப் பாருங்கள். நாற்று நடுகிற பெண்கள் விடியற்காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு, தூக்குவாளியில் பழையதை எடுத்துக்கொண்டு, கரையில் செருப்பை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். குனிந்தால் நிமிர மாட்டார்கள். என் அம்மா காலத்திலிருந்து பார்க்கிறேன். உழைப்புதான் செல்வம் என்றால் இந்த ஜில்லாவிலேயே பெரிய பணக்காரர்கள் அவர்களாகத்தான் இருக்கவேண்டும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்களே, பெண்களும் குழந்தைகளுமாக, அவர்கள் உழைக்காதவர்களா? உழைப்புக்கு இன்னும் கொஞ்சம் நெல் கூலி கேட்டவர்களின் வீட்டு ஜனங்கள். அப்போது எனக்குப் பதினாலு வயது. எங்கள் தெருவில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே வேறு காரணமே கிடையாது என்று அந்த மண்ணில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

"அது கூலி வேலை சார், நாங்க பேசறது பிசினஸ்" என்பீர்கள். சரி, பிசினஸுக்கே வருகிறேன்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு கடைத்தெரு. நான் அங்கே கிளை மேலாளராக இருந்தபோது எதிரெதிரே இரண்டு உரக்கடைகள். இரண்டு பேருமே எங்கள் வாடிக்கையாளர்கள். முதல் கடைக்காரர் நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். மனைவியின் நகையை வைத்து ஐந்து மூட்டை யூரியாவோடு ஆரம்பித்தவர். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்திருக்கும். டிவிஎஸ் வண்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை வைத்து வரப்பு வரைக்கும் கொண்டுபோய் இறக்குவார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்கு எழுதிவிட்டுத்தான் சாப்பாடு. பீடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. எதிர்க்கடைக்காரரும் அப்படித்தான். யார் அதிகம் உழைத்தார் என்று என்னைக் கேட்டால் முதல்வரைத்தான் சொல்வேன்.

நம் ஊர் உரக்கடை வியாபாரம் உங்களுக்குத் தெரியும். நடவுக்கு உரம் போகும், பணம் அறுப்புக்குத்தான் வரும். "களத்துமேட்டுல பாத்துக்கலாம் அண்ணே" என்பதுதான் பத்திரம். கம்பெனிக்காரர்களோ கையில் காசு வைத்தால்தான் லாரியை அனுப்புவார்கள். இடையில் இருக்கிற நாலைந்து மாதத்தைத் தாங்குவதற்குத்தான் வங்கியின் சி.சி. கடன். 2010-இல் சத்து அடிப்படையிலான மானிய முறை வந்தபின் டிஏபி, பொட்டாஷ் விலை மளமளவென்று ஏறியது. அதே நூறு மூட்டை வாங்கிப் போட முன்பைவிடப் பல மடங்கு முதல் தேவைப்பட்டது. கடன் அளவோ பழைய கணக்கில்தான் நின்றது.

2012 வந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று நம்பி இரண்டு பேரும் மே மாதமே சரக்கு வாங்கிப் போட்டார்கள். அணை திறந்தது செப்டம்பர் 17. குறுவை, பம்புசெட் வைத்திருந்தவர்களோடு முடிந்தது. அதற்கப்புறம் போட்ட சம்பாவும் பலருக்குத் தண்ணீர் இல்லாமல் கருகியது. கடன் நோட்டில் இருந்த பணம் எதுவும் வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? கேட்கப் போன வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

இங்கே ஒரு வங்கி விஷயம் சொல்லவேண்டும். விவசாயி வாங்கிய பயிர்க்கடன் வாராக்கடனாக இரண்டு பருவம் ஆகும். வறட்சி என்று அறிவித்தால் தவணையை நீட்டித் தரவும் வழி உண்டு. அதே வயலுக்குக் கடன் கொடுத்த உரக்கடைக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் வியாபாரி. 90 நாள் கணக்கு ஒழுங்கில்லை என்றால் வாராக்கடன். ஆக, வயலுக்கு இரண்டு பருவம், அந்த வயலை நம்பியிருக்கிற கடைக்கு 90 நாள். உழைப்பு எத்தனை மணி நேரம் என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை.

முதல் கடைக்காரரின் கணக்கு அப்படித்தான் போயிற்று. அவருடைய கோப்பில் நான் ஒரு குறிப்பு எழுதவேண்டியிருந்தது. "கடன் வாராக்கடனானதற்குக் காரணம்" என்று ஒரு கட்டம். அதில் நான் எழுதியது இதுதான்: தொழிலில் போதிய கவனமும் ஈடுபாடும் இல்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்று இப்போது சொல்கிறேன். "மேட்டூர் திறக்கவில்லை" என்று எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். தண்ணீரை நம்பியிருக்கிற ஊரில் ஏன் கடன் கொடுத்தாய்? எதிர்க்கடைக்காரர் மட்டும் எப்படிக் கட்டுகிறார்? கடனாளி மேல் எழுதிவிட்டால் கேள்வி இல்லை, கோப்பு நகரும். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. எழுதிவிட்டேன். அவர் வீட்டை விற்றுக் கடனைக் கட்டிவிட்டு, குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

எதிர்க்கடைக்காரர் மட்டும் எப்படித் தப்பித்தார்? அவருடைய தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த எட்டு மாதமும் மாதாமாதம் பணம் வந்தது. கணக்கு ஒழுங்காக நின்றது. எதிரே கடை மூடியதும் அந்த வாடிக்கையும் இவருக்கே வந்தது. பிறகு விதை ஏஜென்சி எடுத்தார், அப்புறம் டிராக்டர். சில வருஷம் கழித்து ஊரில் அவருக்குப் பாராட்டு விழா. "உழைப்பால் உயர்ந்த உத்தமர்" என்று பிளக்ஸ். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மெதுவாகச் சொன்னார்: "சார், அன்னிக்குத் தம்பி பணம் அனுப்பலன்னா நானும் திருப்பூர் பஸ்ஸுதான் ஏறியிருப்பேன். அத மேடையில சொன்னா யாரு கை தட்டுவா?"

நல்ல மனிதர். உண்மையை எனக்காவது சொன்னார். ஆனால் மேடையில் அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரிதான் ஊர் ஊராகப் போய்த் தன்னம்பிக்கைப் பேச்சாகிறது.

ஒரே ஒரு வருஷத்தை வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். 2011-க்குப் பிறகு ஜூன் 12-க்குள் மேட்டூர் திறந்தது 2020-இல்தான். நடுவில் எட்டு வருஷம், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று தள்ளிப் போனது. 2017-இல் அக்டோபர் 2. 2023-இல் தேதி தவறாமல் திறந்தார்கள், அக்டோபர் 10-ஆம் தேதி தண்ணீர் இல்லை என்று மூடிவிட்டார்கள். டெல்டாவில் ஒரு சைக்கிள் கடை, ஒரு ஜவுளிக்கடை, ஒரு காது குத்து விழாவுக்குச் சமைக்கிற சமையல்காரர் என்று யாரை எடுத்தாலும், அவருடைய வருமானம் 120 அடி மேட்டூர் அணையின் மட்டத்தோடு ஏறி இறங்குகிறது. அணையைத் திறப்பது அவர் கையில் இல்லை.

தண்ணீராவது நாலு பேர் சண்டை. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை அதற்கப்புறம் நேரில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தென்னம்பிள்ளை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம், நன்றாகக் காய்க்கப் பத்து வருஷம். அப்பா வைத்து மகன் வளர்த்த தோப்பு ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்து கிடந்தது. அந்தத் தோப்புக்காரரிடம் போய், "நடுவுல வேற காரணமே கிடையாது" என்று அந்தப் பேச்சாளர் சொல்வாரா?

விவசாயமும் வியாபாரம்தானே, அதையும் பார்ப்போம். தன் சரக்குக்குத் தான் விலை வைக்க முடியாத வியாபாரி உலகத்திலேயே நம் ஆள் ஒருவன்தான். இந்த 2025-26 பருவத்தில் அரசுக் கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்து, சன்னரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொதுரகம் 2,500. விலை இருக்கட்டும், அந்த விலையில் விற்க நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். குறுவை அறுப்பு வருவதோ மழைக்காலத்தில். கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் போட்டு, ரோட்டில் காயவைத்து, சாக்குக்கும் லாரிக்கும் காத்திருந்து, மாநிலம் கேட்டு மத்தியக் குழு வந்து ஈரப்பதத்தைப் பார்த்துவிட்டுப் போவதற்குள் நெல் முளை விட்டுவிடுகிறது. அத்தனை நாளும் அந்த விவசாயி ராத்திரியில் நெல்லுக்குக் காவல் படுத்திருக்கிறான். அதுவும் உழைப்புதான். அதற்கு எந்தக் கணக்கில் பலன்?

நம் நெல் லாரி ஏறிக் காங்கேயம் போகிறது. அங்கே அரைத்து, பாலீஷ் போட்டு, பளபளப்பான பையில் பெயர் அச்சடித்துத் திரும்ப நம் ஊர்க் கடைக்கே வருகிறது. காங்கேயத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஈர நெல்லைக் காயவைக்கும் யந்திரமும், வாங்கிப் போட முதலும், விலை ஏறும்வரை காத்திருக்கக் கிடங்கும் அவர்களிடம் இருக்கிறது. நம் விவசாயியிடம் இருப்பது தார்ப்பாய். எத்தனை விடியற்காலையில் எழுந்தாலும் அந்த வித்தியாசம் போகாது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004-இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது ஐம்பது சதவீதம் சேர்த்து ஆதரவு விலை வைக்கவேண்டும் என்று சொன்னது. இன்னும் உழையுங்கள் என்று அந்த ஆணையம் விவசாயிக்கு உபதேசம் செய்யவில்லை. உழைப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, விலைதான் இல்லை என்று தெரிந்தவர் அவர்.

"அப்படியானால் இந்த மண்ணில் யாருமே ஜெயிக்கவில்லையா?" என்று நியாயமாகக் கேட்கலாம். ஜெயித்திருக்கிறார்கள். கும்பகோணத்திலேயே ஒரு உதாரணம் நிற்கிறது. 1904 அக்டோபர் 31-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி ஒரு வங்கி தொடங்கினார்கள். இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான். (நான் வேலை பார்த்தது அங்கே இல்லை. அதனால் தயங்காமல் சொல்லலாம்.) அது வெளியூரில் தன் முதல் கிளையைத் திறந்தது எப்போது தெரியுமா? 1930-இல், மன்னார்குடியில். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே ஊரில் இருந்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் காலை எடுத்து வைத்தார்கள். பிறகும் நாகப்பட்டினம், சன்னாநல்லூர், அய்யம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி என்று பக்கத்திலேயே, தெரிந்த முகங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தார்கள். 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தது, 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. இவர்கள் விழவில்லை. 1965-இல் சிட்டி ஃபார்வர்டு வங்கியும் யூனியன் வங்கியும் இதோடு இணைந்தன. பெயர் மாறியது, தலைமை அலுவலகம் இன்றும் கும்பகோணத்தில்தான் இருக்கிறது.

இதில் உழைப்பு இல்லையா? நிறைய இருக்கிறது. விடாமுயற்சியா? நூற்றிருபது வருஷ விடாமுயற்சி. ஆனால் அது தூக்கத்தைத் தொலைத்த ஒரு தனி வீரனின் கதை இல்லை. ஊர் ஜனங்கள் நம்பிப் போட்ட பணம், கெட்ட வருஷத்துக்கென்று எடுத்து வைத்த கையிருப்பு, அவசரப்படாமல் காத்திருந்த பொறுமை, சமயத்தில் இன்னொருவரோடு சேர்ந்துகொண்ட புத்தி, இவ்வளவும் சேர்ந்தது. மேட்டூர் திறக்காத வருஷத்தையும் தாங்குகிற மாதிரி கட்டப்பட்ட தொழில் அது. என் உரக்கடைக்காரரிடம் உழைப்பு இருந்தது, தாங்குவதற்கு எதுவும் இல்லை.

அந்தப் பேச்சில் அப்படி என்ன கெடுதல், இளைஞர்களுக்கு உற்சாகம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். கெடுதல் இருக்கிறது. ஜெயித்தவனுக்கு அந்தப் பேச்சு, யாருக்கும் தான் கடன்படவில்லை என்ற எண்ணத்தைக் கொடுக்கிறது. அணை, விலை, கிடங்கு என்று பதில் சொல்லவேண்டியவர்களுக்கு அது வசதி. எங்களைப் போன்ற அதிகாரிகளுக்குக் கோப்பை மூட ஒரு வாக்கியம் கிடைக்கிறது. தோற்றவனுக்கு அவமானம் மட்டும்தான். கல்யாணத்துக்கு வராமல் ஒதுங்குகிறான், சொந்த ஊரில் பகலில் பஸ் இறங்கக் கூசுகிறான்.

என் பேரனுக்கு நான் சொன்னது வேறு. நீ உழைப்பாய், அது எனக்குத் தெரியும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரு ரூபாய்கூட உள்ளே வராமல் எத்தனை மாதம் கடையைத் திறந்து வைத்திருக்க உன்னால் முடியும்? முதலில் அதைக் கணக்குப் போடு. ஒரு பருவத்துக்காவது கையிருப்பு இல்லாமல் ஆரம்பிக்காதே. உன் சரக்குக்கு விலை வைப்பது நீயா, வேறு ஒருவனா என்று பார். குடியிருக்கிற வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதே. உன்னைப் போன்ற பத்துப் பேரோடு சேர்ந்து வாங்கி, சேர்ந்து விற்க வழி இருந்தால் விடாதே. இதெல்லாம் செய்தும் தோற்றுப் போனால் நம் வீட்டுக்குத் தலைநிமிர்ந்து வா. யாரும் உன்னைச் சோம்பேறி என்று சொல்லமாட்டோம்.

கடைசியாக ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன் திருவாரூர் பேருந்து நிலையத்தில் அந்த உரக்கடைக்காரரைப் பார்த்தேன். உறவில் ஒரு சாவுக்கு வந்தாராம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் கிடங்கில் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரி எட்டாகும் என்றார். இன்னும் அதே உழைப்பு. மனசு கேட்காமல், கோப்பில் நான் என்ன எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எழுதுனா எழுதிட்டுப் போங்க சார்" என்றார். "ஊரே அதத்தான் சொல்லிச்சு. ரொம்ப வருஷம் நானே அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், எங்கயோ நாமதான் சரியா உழைக்கல போலன்னு."

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கோப்பு இப்போது எந்த அலமாரியில் இருக்கிறதோ, மக்கிப் போயிருக்கலாம். அதைத் திருத்த எனக்கு அதிகாரமும் இல்லை. அதனால் இங்கேயாவது திருத்தி எழுதுகிறேன். காரணம் என்ற கட்டத்தில்: மேட்டூர் அணை ஜூன் 12-க்குப் பதில் செப்டம்பர் 17-இல் திறக்கப்பட்டது. கடனாளியின் உழைப்பில் குறையில்லை.